கீரையை மாட்டுத் தீவனம் என்ற ஊர்: வடக்கு கரேலியா நிகழ்வு ஆய்வு

ஃபின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டி வடக்கு கரேலியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. காடும் ஏரியும் சிறு பண்ணைகளுமாகப் பரந்து கிடக்கும் நிலம். 1970 வாக்கில் அங்கே சுமார் 1,80,000 பேர் வாழ்ந்தார்கள். மரம் வெட்டுவதும் மாடு வளர்ப்பதும்தான் பல குடும்பங்களின் பிழைப்பு. விடிந்தால் கோடரியோடு காட்டுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற ஆண்கள். உழைத்து உழைத்து முறுக்கேறிய உடம்பு. அப்படிப்பட்டவர்கள்தான் நாற்பதிலும் ஐம்பதிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு மாரடைப்புக் கதை இருந்தது.

கீரை சாப்பிடுங்கள், ரத்தக்குழாய்க்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். கேட்டவர் சாப்பிட்டாரா, சாப்பிட்டால் என்ன ஆனது, சாப்பிடாததற்கு என்ன காரணம் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு தனி ஆள் கீரைக்கு மாறி உடம்பு தேறினாலும் எது தேற்றியது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் இந்த ஆய்வுக்கு ஒரு ஆளை எடுக்காமல் ஒரு மாகாணத்தை எடுத்துக்கொண்டேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, அழுத்தம் பார்த்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து கணக்கு வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பதிவு கிடைப்பது அபூர்வம்.

முன்கதை

அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் 40 முதல் 59 வயதுவரையான ஆண்களை எடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதில் மாரடைப்புச் சாவு மிக அதிகமாக இருந்தது கிழக்கு ஃபின்லாந்தில். மிகக் குறைவாக இருந்த இடம் கிரேக்கத்தின் கிரீட் தீவு. இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் வெயிலிலும் குளிரிலும் பாடுபடுகிற நாட்டுப்புறத்து ஆட்கள்தான். உழைக்கிற உடம்புக்கு இதயநோய் அண்டாது என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. இன்றும் நிறையப் பேர் 'நான்தான் தினமும் நடக்கிறேனே, எனக்கென்ன' என்று சொல்லக் கேட்கிறேன். கரேலியா மரவெட்டிகள் இவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக நடந்தவர்கள்.

சரி, அவர்கள் சாப்பிட்டது என்ன? ஒரு வேளை உணவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கோதுமை போன்ற ரை தானியத்தில் செய்த கறுத்த, புளித்த ரொட்டி. அந்த ரொட்டி உண்மையில் நல்ல உணவு, நார்ச்சத்து நிறைந்தது. ஆனால் அதன்மேல் வெண்ணெய் கனமாக ஏறும். பக்கத்தில் ஆடை எடுக்காத பால் ஒரு கோப்பை. காப்பியில் பாலாடை. விசேஷ நாளில் பன்றி, மாட்டுக் கறித் துண்டுகளை உப்பும் மிளகும் சேர்த்து அடுப்பில் மணிக்கணக்காக வேகவைக்கும் கரேலியக் கறி. அதில் கொழுப்பு மேலே மிதக்கும். நீண்ட குளிர்காலத்துக்காக மீனையும் இறைச்சியையும் உப்பில் ஊறப்போட்டுச் சேமிக்கும் பழக்கமும் இருந்தது.

இந்தத் தட்டில் பச்சை நிறமே கிடையாது. கீரை, இலை, காய் எல்லாம் கால்நடை தின்பது என்றுதான் அந்த ஊர் ஆண்கள் பேசினார்கள். பின்னாளில் அங்கே மாரடைப்பைக் குறைக்க வந்த திட்டத்தை நடத்திய மருத்துவரே இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கி, பசியைப் பார்த்து மீண்ட தலைமுறை அது. போர் முடிந்து திரும்பியவர்களுக்குச் சிறு சிறு நிலம் கிடைத்தது, நாலு மாடு வாங்கினார்கள், வீட்டில் பாலும் வெண்ணெயும் பெருகின. அவர்கள் கண்ணுக்கு வெண்ணெய்தான் வாழ்வு வந்ததன் அடையாளம். ஆண்களில் பாதிக்கு மேல் சிகரெட் பிடித்தார்கள்.

1972: எடுத்த அளவுகள்

சாவைப் பார்த்துப் பார்த்துச் சலித்த மாகாணத்துப் பிரதிநிதிகள் 1971 ஜனவரியில் அரசிடம் மனுக் கொடுத்தார்கள். எங்களைக் காப்பாற்ற ஏதாவது செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருத்துவர்கள் போய் உபதேசம் செய்து தொடங்கியதல்ல இது, ஊர் கேட்டுத் தொடங்கியது. மறு ஆண்டு திட்டம் புறப்பட்டபோது அதன் தலைமைக்கு வந்தவர் பெக்கா புஸ்கா, முப்பது வயதைக்கூடத் தொடாத இளம் மருத்துவர்.

முதல் வேலையாக அளந்தார்கள். ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 6.9 மில்லிமோல். நாம் பரிசோதனைத் தாளில் பார்க்கும் கணக்கில் இது 265-க்கும் மேல். சராசரியே இது என்றால் உச்சத்தில் இருந்தவர்களின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். சராசரி ரத்த அழுத்தம் 149-க்கு 92. புகைப்பவர்கள் 52 சதவீதம். ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து மாகாணமான குவோபியோவிலும் இதே அளவுகளை எடுத்து வைத்தார்கள்.

புஸ்கா குழு இங்கே எடுத்த முடிவுதான் திட்டத்தின் உயிர். அபாயம் அதிகமுள்ள சிலரைத் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பது ஒரு வழி. அவர்கள் அதைவிட்டு மொத்த மக்களின் சராசரியைக் கீழே இறக்கப் பார்த்தார்கள். காரணம் எளிது. மாரடைப்பில் பெரும்பகுதி மிக மோசமான அளவுள்ள சிலரிடமிருந்து வருவதில்லை, சுமாராகக் கூடியிருக்கும் பலரிடமிருந்து வருகிறது.

செய்தது என்ன

தொடக்கத்தில் துண்டுப் பிரசுரம், கூட்டம், வானொலி என்று போனார்கள். தகவல் மட்டும் போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. வெண்ணெய் கெடுதல் என்று தெரிந்த பெண், நாளைக்கு எதை வைத்துச் சமைப்பாள்? அவள் வீட்டுக்காரர் அதைச் சாப்பிடுவாரா?

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர்கள் மார்த்தா அமைப்பின் பெண்கள். ஃபின்லாந்தில் கிராமம் கிராமமாகக் கிளை உள்ள இல்லத்தரசிகள் சங்கம் அது. அவர்கள் 'நீண்ட ஆயுள் விருந்து' என்று மாலை நேரக் கூடல்களை நடத்தினார்கள். மருத்துவர் சுருக்கமாகப் பேசுவார், அப்புறம் எல்லோரும் சேர்ந்து சமைத்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பழைய உணவுகளை ஒழிக்கப் பார்க்காமல் அவற்றையே திருத்தினார்கள். கரேலியக் கறியில் இறைச்சியைக் குறைத்து அதில் கேரட், உருளை, கிழங்கு வகைகளைக் கூட்டினார்கள். அதே பாத்திரம், ஏறக்குறைய அதே மணம். வாயில் வைத்துப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று ஒரு ஆண் சொன்னால், பத்துப் பிரசுரத்தால் ஆகாதது அங்கே ஆகிவிட்டது.

சமையலறை மாறினால் கடையும் மாற வேண்டும். ஊரில் மதிப்புள்ள நூற்றுக்கணக்கானவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கடைக்காரர்கள், பள்ளிகள், பால் நிறுவனங்கள், ரொட்டி அடுமனைகள் எல்லோரிடமும் போய்ப் பேசினார்கள். கொழுப்புக் குறைந்த பால் வந்தது. ஒரு தொத்திறைச்சித் தயாரிப்பாளர் கொழுப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் காளான் சேர்த்துப் பார்த்தார். அது விற்பனையும் ஆனது. குளிர்ந்த நாட்டிலும் விளையும், கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெய்க்கு வழி பிறந்ததும் வெண்ணெய்க்கு உள்நாட்டிலேயே மாற்று கிடைத்தது.

பால் பண்ணைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் பிழைப்பே வெண்ணெய்தான், எதிர்த்தார்கள். அவர்களை வில்லன்களாகப் பார்க்காமல் வேறு வருமானம் காட்டியதுதான் இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. கரேலியாவின் குளிருக்கு ஏற்ற பெர்ரிப் பழங்களைப் பயிரிடவும், உறையவைத்து ஆண்டு முழுக்க விற்கவும் 1980-களில் ஒரு தனி முயற்சி தொடங்கினார்கள். சில பண்ணைகள் மாட்டிலிருந்து பெர்ரிக்கு மாறின.

புகைக்கு எதிராகவும் தனியே வேலை நடந்தது. 'இங்கே புகைக்க வேண்டாம்' என்ற சிறு ஒட்டுத்தாள்கள் வீட்டுக் கதவுகளிலும் அலுவலகங்களிலும் ஒட்டப்பட்டன. புகையை விட முயலும் சிலரைத் தொலைக்காட்சியில் உட்காரவைத்து, நாடு முழுக்கப் பார்க்க, அவர்களோடு சேர்ந்து மற்றவர்களும் விடும்படி நிகழ்ச்சி நடத்தினார்கள். ஐந்தாண்டு முடிந்ததும், 1977-இல், திட்டத்தின் பாடங்கள் நாடு முழுவதற்கும் விரிந்தன.

நோயின் போக்கு

2007 கணக்கெடுப்பில் ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 5.4-க்கு இறங்கியிருந்தது. ரத்த அழுத்தம் 138-க்கு 83. புகைப்பவர்கள் சுமார் 30 சதவீதம். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது சிறுபான்மைப் பழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 12 கிராமைத் தாண்டிய உப்பு 9 கிராம் அளவுக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராமுக்கு இன்னும் தூரம்தான். நாட்டில் ஆளுக்கு ஆண்டுக்கு உண்ணும் காய்கறி இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியது.

சாவு? நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயதினரிடையே இதயத் தமனி நோய்ச் சாவு ஆண்களிடம் சுமார் 82 சதவீதமும் பெண்களிடம் 84 சதவீதமும் குறைந்தது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொலஸ்ட்ரால், அழுத்தம், புகை ஆகிய மூன்றும் இறங்கியதாலும், மிச்சம் 1980-களுக்குப் பிறகு வந்த நல்ல சிகிச்சைகளாலும் என்று கணக்கிட்டார்கள். பக்கவாதச் சாவும் பெரிதாகக் குறைந்தது.

இந்த ஆய்வின் மீது உள்ள நியாயமான ஒரு கேள்வியையும் இங்கே வைத்தாக வேண்டும். ஒப்பீட்டுக்கு வைத்த குவோபியோவிலும் பிற்பாடு சாவு இதேபோல இறங்கியது. அப்படியானால் திட்டத்தால்தான் நடந்தது என்று எப்படிச் சொல்வது? 1970-களில் கரேலியாவில் இறக்கம் வேகமாக இருந்தது, பிறகு நாடே அதே வழியில் போனதால் இடைவெளி மறைந்தது என்பது திட்டக் குழுவின் பதில். எனக்கு அது பெரும்பாலும் ஏற்புடையதே. பக்கத்து ஊரும் அதே கடையில் அதே பாலைத்தானே வாங்கியது. ஆனால் எவ்வளவு திட்டத்தால், எவ்வளவு காலத்தால் என்று கிராம் கணக்கில் பிரிக்க முடியாது.

இதில் கீரையின் பங்கு எவ்வளவு?

நேர்மையாகச் சொன்னால், கரேலியாவில் பெரிய அடி விழுந்தது வெண்ணெய்க்கும் புகைக்கும். கொலஸ்ட்ரால் இறங்கியதுதான் சாவு குறைந்ததன் மிகப் பெரிய காரணம், அது தட்டில் கொழுப்பு மாறியதால் நடந்தது. கீரை மட்டும் தின்றால் தமனி சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வை அவருக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது. தமனிச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டை எந்த இலையும் கழுவிக்கொண்டு போகாது.

ஆனாலும் கீரைக்கென்று தனி வேலை ஒன்று இருக்கிறது. அது கரேலியாவுக்குப் பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது.

பசலைக்கீரை, லெட்டூஸ், பீட்ரூட் இலை போன்றவற்றில் நைட்ரேட் நிறைய உண்டு. மண்ணிலிருந்து இலை இழுத்து வைத்துக்கொள்ளும் உப்பு அது. ஒரு வாய் கீரையை விழுங்கினால் அந்த நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. அப்புறம் நடப்பதுதான் வியப்பு. அதில் கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் ரத்தத்திலிருந்து பிடித்து, செறிவாக்கி, மறுபடியும் வாய்க்கே அனுப்புகின்றன. நாக்கின் பின்பகுதியில் மடிப்புகளுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த எச்சிலை விழுங்க, உள்ளே போய் நைட்ரைட் நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. ரத்தநாளச் சுவரைத் தளரவைத்து விரிக்கும் பொருள் இதுதான். உடம்பு இதைத் தானாகவும் செய்கிறது. நாளத்தைத் தளரச் சொல்லும் இந்தச் செய்தித் தூதனைக் கண்டறிந்ததற்காகத்தான் 1998-இல் ஃபர்ச்கோட், இக்னாரோ, முராட் என்ற ஆய்வாளர்கள் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வயது ஏற ஏற, புகையும் சர்க்கரை நோயும் சேரச் சேர, நாளச் சுவர் சொந்தமாக அதைச் செய்யும் திறன் குறைகிறது. அப்போது கீரை வழி கைகொடுக்கிறது.

2008-இல் லண்டனில் வெளியான ஒரு பரிசோதனையில் ஆரோக்கியமானவர்கள் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் மேல் அழுத்தம் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கியது. குடித்தபின் எச்சிலை விழுங்காமல் துப்பிவிடச் சொன்னபோது அந்த இறக்கம் வரவில்லை. அந்த எளிய சோதனையே வாய் வழிச் சுற்றை நிரூபித்துவிட்டது. இன்னொரு குழு, குளோர்ஹெக்சிடின் சேர்ந்த கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பை ஒரு வாரம் பயன்படுத்தியவர்களுக்கு அழுத்தம் 2 முதல் 3.5 மில்லிமீட்டர் ஏறியதைக் கண்டது. நாக்கில் இருந்த உதவியாளர்களைக் கொன்றுவிட்டதே காரணம். பல் மருத்துவர் காரணத்தோடு கொடுத்தால் பயன்படுத்துங்கள். வெறும் வாய்மணத்துக்காக ஆண்டு முழுக்க அதை ஊற்றிக்கொண்டு மறுபக்கம் கீரையும் தின்பது ஒரு கையால் கட்டி மறுகையால் இடிப்பது.

நீண்ட காலக் கணக்கும் இருக்கிறது. டென்மார்க்கில் 50,000-க்கும் மேற்பட்டவர்களை 23 ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். காய்கறியிலிருந்து நாளுக்குச் சுமார் 60 மில்லிகிராம் நைட்ரேட் எடுத்தவர்களுக்கு இதயநாள நோய் குறைவாக இருந்தது. கால் தமனி அடைப்பில்தான் வித்தியாசம் அதிகம், 26 சதவீதம் குறைவு. 60 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஒரு கோப்பைப் பச்சைக் கீரை. அதற்கு மேல் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பயன் தெரியவில்லை. இது பின்தொடர்ந்து பார்த்த கணக்கு, கீரை உண்பவர்கள் மற்ற விஷயத்திலும் கவனமானவர்களாக இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் எனக்கு அதில் பிடித்தது அளவுதான். தினமும் ஒரு கோப்பை என்பது யாராலும் முடியும்.

கீரையில் பொட்டாசியமும் இருக்கிறது. உப்பு ஏற்றுகிற அழுத்தத்தை அது எதிர்த்து இறக்குகிறது. கீரையை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் நைட்ரேட்டும் பொட்டாசியமும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் பெருமளவு அதோடு போய்விடும். குறைந்த நீரில், குறைந்த நேரம் வேகவைப்பது நல்லது.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தை எதிர்த்து வேலை செய்யும். இதற்காகக் கீரையையே விட வேண்டியதில்லை. ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், மறுவாரம் தினமும் கட்டுக்கட்டாக என்று ஏற்ற இறக்கம் இருந்தால்தான் ஆபத்து. அளவைச் சீராக வைத்து, மாற்ற நினைத்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனையோடு மாற்ற வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும், அவர்கள் கேட்காமல் கீரையைக் கூட்டக் கூடாது. அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் கீரையை நம்பி அதை நிறுத்தவும் கூடாது.

நடக்கும்போது ஆடுசதை இறுகி வலித்து, நின்றால் சரியாகிறதா? அது கால் தமனி அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். கையிலும் கணுக்காலிலும் அழுத்தம் எடுத்து ஒப்பிடும் வலியில்லாத ஒரு பரிசோதனை உண்டு. அதைச் செய்துவிட்டுத்தான் கீரைப் பேச்சு. புகைப்பவர் என்றால் முதலில் அதை விட வேண்டும். காலைக் காப்பாற்ற அதற்கு நிகரான வழி கிடையாது.

பின்னுரையாக இரண்டு பதிவுகள்

கரேலியாவில் ஆண்கள் புகையை விட்ட அதே ஆண்டுகளில் பெண்களிடம் புகைப்பழக்கம் கூடியது. நீண்ட ஆயுள் விருந்தில் கறிப் பாத்திரத்தைத் திருத்திய தலைமுறையின் மகள்கள் அவர்கள்.

இன்னொன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் இறங்கிக்கொண்டே வந்த சராசரி கொலஸ்ட்ரால், 2007-க்கும் 2012-க்கும் இடையே ஃபின்லாந்தில் மறுபடி சற்றே ஏறியது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறைகள் அப்போது பரவலாகப் பேசப்பட்டன. வெண்ணெய் மறுபடி ரொட்டியின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.